பொலிஸை விசாரிப்பது யார்? – திருகோணமலை தரும் பாடம்

பொலிஸ் அதிகாரி ஒருவரால் பாதிக்கப்பட்ட மனிதர், தமது முறைப்பாட்டைப் பதிவு செய்வதற்கும் பொலிஸ் நிலையத்தின் படியேறத்தான் வேண்டியிருக்கிறது. இதிலுள்ள முரண்பாடு எல்லோரும் அறிந்ததே. வேலியே பயிரை மேய்ந்தால் என்ற பழமொழியைச் சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டு நாமும் நகர்ந்து விடுகிறோம். ஆனால் இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்கென்றே இலங்கையின் அரசியலமைப்பில் ஒரு நிறுவனம் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. அந்த நிறுவனம் நடந்துவந்த பாதையையும், 2006ஆம் ஆண்டு திருகோணமலையில் நிகழ்ந்த ஒரு படுகொலையின் விசாரணை நடந்துவந்த பாதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டையும் தனித்தனியே எழுதியவர்கள் பலர். சேர்த்துப் பார்க்கும்போதுதான் சில உண்மைகள் துலங்குகின்றன.

துறைமுகமும் காவலும்

திருகோணமலையின் உட்துறைமுகக் கரையில் இருக்கிறது சீனன்குடா. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், விமானத் தளம், மா ஆலை, புகையிரத நிலையம் என்று அந்தக் கரை முழுவதும் பிறருக்குப் பயன்படும் சொத்துகள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இந்தச் சொத்துகளுக்காகத்தான். 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பின்னரும் துறைமுகத்தின் பெறுமதி குறையவில்லை. ஆகவே காவலும் குறையவில்லை. உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு சீனன்குடாவிலிருந்து நகரம் வரை தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய நான்கும் தத்தமக்கெனச் சாவடிகளை அமைத்துக்கொண்டன.

இங்கு ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமது நாட்டின் பொலிஸ் மக்களுக்குச் சேவை செய்வதற்காகத் தோன்றியதன்று. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியேற்ற அரசு தன் உடைமைகளையும் தன் ஒழுங்கையும் காப்பதற்காக அமைத்த படை அது. அந்தப் படை மேலிடத்துக்குப் பதில் சொல்லும் படையாகவே வளர்ந்தது. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வெகு காலத்துக்குப் பின்னர்தான் பேச்சில் வந்தது. 1946இல் சோர்ட்ஸ் ஆணைக்குழுவும் 1970இல் பஸ்நாயக்க ஆணைக்குழுவும் பொலிஸ் சேவையின் சீர்திருத்தம் குறித்து ஆராய்ந்தன. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்போ எதிர்த்திசையில் சென்றது. அரச சேவையின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றை அது அமைச்சரவையின் கீழ்க் கொண்டுவந்தது. தொகுதி அரசியல்வாதியின் தயவு இல்லாமல் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியாக இருக்க முடியாது என்ற நிலை அதன் பின்னரே வேரூன்றியது.

ஆணைக்குழுவின் பிறப்பும் வெற்று ஆசனங்களும்

2001இல் பாராளுமன்றம் 17ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அரசியலமைப்புப் பேரவை என்ற ஒன்று அமைக்கப்பட்டு, அதன் விதப்புரையின் பேரிலேயே சுயாதீன ஆணைக்குழுக்களின் உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிக்கலாம் என்று விதிக்கப்பட்டது. 2002 நவம்பரில் முதலாவது தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஏழு உறுப்பினர்களுடன் பதவியேற்றது. நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவை அதன் கைக்கு வந்தன. அதனோடு இன்னொரு கடமையும் விதிக்கப்பட்டது. பொலிஸ் அதிகாரி ஒருவருக்கு எதிராகவோ பொலிஸ் சேவைக்கு எதிராகவோ பொதுமக்கள் செய்யும் முறைப்பாடுகளை ஏற்று விசாரிப்பதற்கான நடைமுறைகளை ஆணைக்குழு வகுக்க வேண்டும் என்பது 155எ உறுப்புரையின் கட்டளை.

அந்த நடைமுறைகள் வர்த்தமானியில் வெளிவந்தது 2007 ஜனவரியில். சட்டம் வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு.

இதற்கிடையில் நிகழ்ந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 2005 மார்ச்சில் அரசியலமைப்புப் பேரவையின் உறுப்பினர்களுடைய பதவிக்காலம் முடிந்தது. புதிய பேரவை அமைக்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பொலிஸ் ஆணைக்குழுவின் பதவிக்காலமும் முடிந்தது. பேரவை இல்லாத காரணத்தால் புதிய உறுப்பினர்களை விதந்துரைக்க எவரும் இருக்கவில்லை. 2006 ஏப்ரலில் ஜனாதிபதி பேரவையைத் தவிர்த்துவிட்டு நேரடியாகவே உறுப்பினர்களை நியமித்தார். ஆக, 2005 நவம்பர் முதல் 2006 ஏப்ரல் வரை, நான்கு மாதங்களுக்கும் மேலாக, இலங்கைப் பொலிஸைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

அந்த வெற்று ஆசனங்களின் காலத்தில்தான் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள்.

2006 ஜனவரி 2

கடற்கரையில் காந்தி சிலை இருக்கும் இடம் நகரத்து மக்கள் மாலையில் காற்று வாங்கக் கூடும் இடம். சுற்றிலும் சாவடிகள் உள்ள இடமும் அதுவே. புத்தாண்டுக்கு மறுநாள் மாலையில் அங்கு ஏழு நண்பர்கள் அமர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ இருபது வயது இளைஞர்கள். முச்சக்கர வண்டியொன்றிலிருந்து அவர்களை நோக்கிக் கைக்குண்டு வீசப்பட்டது. காயமடைந்து கிடந்தவர்களைச் சீருடை அணிந்தவர்கள் வந்து தாக்கினார்கள். பின்னர் துப்பாக்கிகள் வெடித்தன. மனோகரன் ரஜிகர், யோகராஜா ஹேமச்சந்திரன், லோகிதாசன் றொகாந், தங்கத்துரை சிவானந்தா, சண்முகராஜா கஜேந்திரன் ஆகிய ஐவரும் உயிரிழந்தார்கள். இருவர் காயங்களுடன் பிழைத்தார்கள்.

ரஜிகரின் தந்தை வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன். செய்தி கேட்டு விரைந்த அவரைச் சாவடியில் நின்றவர்கள் மேலே செல்ல விடவில்லை. சற்றுத் தொலைவில் நின்றபடியே உதவி கோரும் குரல்களையும் வெடிச் சத்தத்தையும் கேட்டதாக அவர் பின்னாளில் சாட்சியம் கூறினார். பிணவறையில் மகனின் உடலைக் கண்டார். மகன் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவன் என்று எழுதிக் கையொப்பமிடுமாறு தம்மிடம் கேட்கப்பட்டதாகவும் தாம் மறுத்துவிட்டதாகவும் அவர் கூறினார்.

அதிகாரபூர்வமாக முதலில் வெளிவந்த செய்தி வேறு. மாணவர்கள் தாம் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்பது அந்தச் செய்தி. அது நிலைத்திருக்கக்கூடும். ஏனெனில் அந்த இடத்தைச் சுற்றி வளைத்திருந்தவர்கள் படையினர். முதல் அறிக்கையை எழுதியவர்கள் பொலிஸார். சந்தேகத்துக்கு உள்ளான விசேட அதிரடிப்படையோ பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவு.

அதை நிலைக்காமல் செய்தவை இரண்டு. ஒன்று, மரணங்களுக்குத் துப்பாக்கிச் சூட்டைக் காரணம் காட்டிய சட்ட வைத்திய பரிசோதனை. மற்றது, 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். உடல்களில் இருந்த துப்பாக்கிக் காயங்களை அந்தப் படங்கள் உலகுக்குக் காட்டின. 2006 ஜனவரி 24 காலையில் வேலைக்குச் செல்வதற்காகப் பேருந்துக்குக் காத்திருந்த சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் இறந்து மூன்று வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் பெயரன்று. ஆணைக்குழு செய்திருக்க வேண்டிய வேலையைத் தனியொருவனாகப் புகைப்படக் கருவியுடன் செய்த மனிதன் அவன்.

விசாரணைகளின் வரிசை

அதன் பின்னர் விசாரணைகளுக்குக் குறைவிருக்கவில்லை. 2006 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதியரசர் நிசங்க உதலாகம தலைமையில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. திருகோணமலை மாணவர் கொலையும், அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்ட சம்பவமும் அதனிடம் ஒப்படைக்கப்பட்ட விடயங்களுள் அடங்கின. அந்த ஆணைக்குழுவின் பணியை அவதானிப்பதற்காக இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில் சர்வதேச சுயாதீன மேன்மக்கள் குழு அழைக்கப்பட்டது. பொலிஸ் விசாரணைகளுக்கு முன்னர் ஆலோசனை வழங்கிய சட்டமா அதிபர் திணைக்களத்தின் அதிகாரிகளே ஆணைக்குழுவுக்கும் துணைபுரிவது முறையன்று என்று அக்குழு மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியது. ஏற்கப்படவில்லை. 2008இல் குழு விலகிச் சென்றது.

நாட்டை விட்டு வெளியேறியிருந்த மனோகரன் காணொளி வழியாக உதலாகம ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். அந்த ஏற்பாடு பின்னர் நிறுத்தப்பட்டது. 2009 ஜூனில் ஆணைக்குழுவின் காலம் நீடிக்கப்படாமல் முடிந்தது. அறிக்கை பாராளுமன்றத்தில் பகிரங்கமானது 2015 ஒக்டோபரில். சீருடையினரின் தொடர்பை ஊகிக்க வலுவான காரணங்கள் உண்டு என்று அந்த அறிக்கையே சொன்னது.

2013 ஜூலையில் விசேட அதிரடிப்படையினர் 12 பேர் கைதானார்கள். பின்னர் பிணையில் வெளிவந்தார்கள். சந்தேக நபர்களின் தொகை 13 ஆயிற்று. 2019 ஜூலை 3 அன்று, போதிய சான்றுகள் இல்லை என்ற காரணத்தால் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 13 பேரையும் விடுவித்தது. முக்கிய சாட்சிகள் அச்சத்தால் நாட்டுக்கு வெளியே இருந்தார்கள். நீதவான் தம்முன் வைக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். ஆகவே அந்த விடுவிப்பைக் குறித்துக் கோபப்படுவதைவிட, சான்றுகள் ஏன் அவர்முன் வரவில்லை என்று கேட்பதே பயனுள்ளது.

பதில் எளிது. சான்று அழிவது முதல் நாளில். சாட்சி கலைவது முதல் மாதத்தில். அந்த நாளிலும் அந்த மாதத்திலும் குற்ற விசாரணை பொலிஸாரின் கையிலேயே இருந்தது. பிறகு வந்த ஆணைக்குழுக்கள் எல்லாம் குளிர்ந்துபோன சாம்பலைக் கிளறியவை. சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2015இல்தான் வந்தது. மாணவர்கள் கொல்லப்பட்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அகற்றப்பட்டதும் மீட்கப்பட்டதும்

பொலிஸ் ஆணைக்குழுவின் கதையோ ஊஞ்சலாட்டம். 2010இல் 18ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை ஒழித்தது. பொலிஸ் ஆணைக்குழுவிடமிருந்து நியமன, ஒழுக்காற்று அதிகாரங்களைப் பறித்து, பொதுமக்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் கடமையை மாத்திரம் விட்டுவைத்தது. இதைவிடக் கொடிய நகைச்சுவை இருக்க முடியாது. கேட்கலாம், தண்டிக்க முடியாது. 2015இல் 19ஆவது திருத்தம் அதிகாரத்தை மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் நியமனங்களை மீண்டும் ஜனாதிபதியின் கைக்குக் கொண்டுபோனது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் பேரவையை மறுபடியும் நிறுவியது. ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து திருத்தங்கள்.

ஆணைக்குழுவின் வலிமை அண்மையில் தென்னிலங்கையிலும் சோதிக்கப்பட்டது. 2023 டிசம்பரில், காவலில் வைத்து ஒருவரைச் சித்திரவதை செய்தமை தொடர்பாகத் தேசபந்து தென்னகோன் உள்ளிட்ட அதிகாரிகள் பொறுப்பாளிகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவையும் பணித்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். நடவடிக்கை வருமுன் பதவி உயர்வு வந்தது. 2024 பெப்ரவரியில் அவர் பொலிஸ் மா அதிபரானார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பதவியில் செயற்படுவதை இடைநிறுத்தியது. 2025 ஓகஸ்ட் 5 அன்று பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. ஒரு பொலிஸ் மா அதிபரை விலக்குவதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றமும் சட்டமன்றமும் தேவைப்பட்டன என்றால், ஒரு சார்ஜன்ட் மீது முறையிடும் ஏழை யாரை நம்புவது?

பிற நாடுகள் நடந்த வழி

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1977இல் பொலிஸ் முறைப்பாட்டுச் சபை தொடங்கியது. அது பொலிஸார் விசாரித்து முடித்த கோப்புகளைப் படித்துப் பார்க்கும் சபை மாத்திரமே. 1981இல் பிரிக்ஸ்டன் கலவரம் வெடித்த பின்னர், ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கையை அடுத்து, 1985இல் அதிகாரம் கூடிய இன்னொரு அமைப்பு வந்தது. கறுப்பின இளைஞன் ஸ்டீபன் லோரன்ஸ் கொலையைப் பொலிஸார் கையாண்ட விதம் குறித்த 1999ஆம் ஆண்டு மக்பர்சன் அறிக்கைக்குப் பின்னர்தான், தனக்கென விசாரணையாளர்களைக் கொண்ட ஆணைக்குழு 2004இல் பிறந்தது. ஒவ்வொரு படியும் ஒரு சமூகத்தின் கொதிப்புக்குப் பின்னரே ஏறப்பட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் வட அயர்லாந்து. அங்கும் இரு சமூகங்கள், நீண்ட வன்முறை, ஒரு சமூகத்தின் படையாகவே கருதப்பட்ட பொலிஸ். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொலிஸ் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் 2000 நவம்பரில் பணியைத் தொடங்கியது. அதற்குச் சொந்த விசாரணையாளர்கள் உண்டு. முறைப்பாடு வராமலே விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் உண்டு. முதலாவது குறைகேள் அதிகாரி நூலா ஓ'லோன் 2007 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, கொலைகளில் தொடர்புடைய உளவாளிகளைப் பொலிஸின் விசேட பிரிவு பாதுகாத்து வந்ததை அம்பலப்படுத்தியது. நமது முறைப்பாட்டு நடைமுறைகள் வர்த்தமானியில் வெளிவந்த அதே மாதம்!

தமிழ்நாட்டின் நிலை வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலத்துக்கும் மாவட்டங்களுக்கும் பொலிஸ் முறைப்பாட்டு அதிகாரசபைகள் வேண்டுமென ஆணையிட்டது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமோ மாநில அதிகாரசபைக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, பொலிஸ் தலைமை அதிகாரியையும் அதில் உறுப்பினராக்கியது. பெயர் வந்தது, பொருள் வரவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, உண்மையை வெளிக்கொணர்ந்தது அந்த அதிகாரசபை அன்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே தலையிட்டது. சான்றுகள் அழியாதிருக்கும்படி அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் செய்தது. முதல் வாரத்திலேயே நடந்த அந்த ஒரு காரியம் திருகோணமலையில் நடக்கவேயில்லை.

சீனன்குடாவிலிருந்து ஒரு முறைப்பாடு

இன்று சீனன்குடாவில் ஒரு மீனவருக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ பொலிஸாரால் அநீதி நேர்ந்தால் வழிகள் இல்லாமலில்லை. மேலதிகாரியிடம் போகலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஆனால் விசாரித்து அறிக்கை தருமாறு அந்த முறைப்பாடு பொலிஸ் உயரதிகாரி ஒருவரிடமே திரும்பி வரக்கூடும். திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆணைக்குழுவுக்கு விதந்துரைக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பில். ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், முறையிடப்பட்ட அதிகாரி அதே சந்தியில் நின்றுகொண்டிருப்பார்.

சுயாதீனம் என்ற சொல்லை அரசியலமைப்பில் எழுதுவது எளிது. அது உறுப்பினர்களின் நியமனத்தோடு முடிந்துவிடும் விடயமன்று. சம்பவ இடத்துக்கு முதலில் யார் போகிறார், சான்றை யார் பொறுப்பேற்கிறார், சாட்சியின் வீட்டை யார் காக்கிறார் என்பவற்றில்தான் அதன் உயிர் இருக்கிறது. பொலிஸ் காவலில் அல்லது பொலிஸ் துப்பாக்கியால் ஒரு மரணம் நேர்ந்தால், முறைப்பாட்டுக்குக் காத்திராமல், பொலிஸைச் சாராத விசாரணையாளர்கள் அன்றைக்கே அங்கு வந்து நிற்க வேண்டும். அவர்கள் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதக்கூடியவர்களாக இருக்க வேண்டும். வழக்குத் தொடர்வதைத் தீர்மானிப்பவர், அரசுக்காக வாதாடும் அதே திணைக்களமாக இருக்கலாகாது. இவை வானத்திலிருந்து நட்சத்திரம் பறிக்கும் கோரிக்கைகள் அல்ல. பெல்பாஸ்டில் நடைமுறையில் இருப்பவை.

கிழக்கிலங்கையில் வைகாசி மாதம் தோறும் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு செய்கிறோம். அரசனின் காவலர் கையால் கணவனை இழந்து, அரசவைக்கே போய் முறையிட்ட பெண் அவள். அவளுடைய வழக்கு நின்றது, சான்றாகிய சிலம்பு அவள் கையிலேயே இருந்ததால். திருகோணமலைப் பெற்றோரிடமும் சான்று இருந்தது. சுகிர்தராஜன் தன் உயிரைக் கொடுத்து அதை வைத்துவிட்டுப் போனார். முறையீட்டைக் கேட்க வேண்டிய அவையில்தான் அன்றைக்கு எவரும் இருக்கவில்லை.